எங்கன இருக்கேன்னு சொல்லாத போனு

இல்லம்மா, வெலை காதுல விளுந்துருச்சு. இன்னொருக்காச் சொல்ல வேண்டாம். இந்த வெலைக்கு ஒரு கறவ மாடும் கன்னும் வாங்கித் தொளுவத்துல கட்டிரலாம், அது கெடக்கட்டும். நான் கேக்குறது வேற. இத நான் கையில வச்சிருந்தா, நான் எங்கன இருக்கேங்கிறது இன்னொரு ஆளுக்குத் தெரியாதுல்ல? நான் யாருகிட்ட என்ன பேசுனேன், எனக்கு யாரு என்ன அனுப்புனா, அது என்னயத் தவிர வேற காதுக்குப் போகாதுல்ல? அத மட்டும் உறுதியாச் சொல்லு. நீ படிச்ச புள்ள. சட்டையில பேரு குத்தியிருக்கே, ஹர்ஷினியா? நல்ல பேரு. சொல்லு தாயி.

ம்... அதச் செஞ்ச கம்பெனிக்காரனே நெனச்சாலும் உள்ள எட்டிப் பாக்க முடியாதாக்கும். சரி. தொலஞ்சு போனாலும், எடுத்தவனால பூட்டத் தொறக்க முடியாது. அதுவும் சரி. இது என்ன, ஓரத்துல ஒரு குமிளு? இதத் தள்ளுனா மைக்கு செத்துருமா? கேமராவும்? நெசமாவே அந்துருமா, இல்ல அந்துட்ட மாதிரி வேசம் போடுமா? உள்ள இருக்க இணைப்பே விட்டுப் போயிருமா! நான் ஒருக்காத் தள்ளிப் பாத்துக்கிடட்டுமா?

டிக்குங்குது. இம்புட்டுத்தானா. இப்ப நம்ம பேசுறது இதுக்குக் கேக்காது? நீ சிரிக்கிற. எனக்குக் கண்ணு கலங்குது பாரு. ஏளு மாசத்துக்கு மேல ஆகுது, நான் என் போனு முன்னால வாய் விட்டுச் சாமி கும்புட்டு.

இத ஆரு தாயி விருதுநகர்ல வந்து வாங்குறா? ஓ... சிவகாசிப் பட்டாசு மொதலாளி ஒருத்தரு ஆர்டர் போட்டு வரவளைக்கச் சொன்னாகளா? பெறகு வேண்டாம்னுட்டாகளா? அதான் கண்ணாடிக்குள்ளயே கெடக்கு. அவுகளுக்கு என்ன ரகசியமோ. சீசன் நேரத்துல இந்த லோடு எந்த ஊருக்குப் போகுது, என்ன வெலைக்குப் போகுதுன்னு பக்கத்துக் கம்பெனிக்காரன் மோப்பம் புடிச்சிருவான்னு பயமா இருக்கும். பயம் அவுகளுக்கும் உண்டும் போல.

இரு, இரு. பேசாத.

ஒண்ணுமில்ல. வண்டிச் சத்தம். கருப்பு வண்டியா என்னன்னு பாத்தேன். செவப்பு. ஆரோ பளம் வாங்க நிறுத்துறாக. நீ சொல்லு. தண்ணியா? குடு தாயி. சுகரு மயக்கமெல்லாம் இல்ல. மாத்திரையெல்லாம் ஒளுங்காப் போட்டுருவேன்.

வீட்டுக்காரரா? சேச்சே. அவுக அந்த மாதிரி ஆளு கெடையாது. அவுகளுக்குப் போன்ல பச்சை எது செவப்பு எதுன்னே சரியாத் தெரியாது. அவுக இல்ல. உக்காரவா? இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். கூட்டம் வந்தா எந்திரிச்சிருவேன். நீ கேட்டுட்ட, நானும் சொல்லிருறேன். சொன்னாத்தான் ஒனக்கும் தெரியும், எனக்கு எந்தப் போனு ஆகும்னு.

எங்களுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம். ஊரு பேரு வேண்டாம். மானாவாரி நெலம், பருத்தியும் மக்காச்சோளமும் போடுவோம். எம் பேரு முருகேஸ்வரி. வீட்டுக்காரர் கண்ணுச்சாமின்னா அந்தப் பக்கம் பத்து ஊருக்குத் தெரியும். ரெண்டு புள்ளைக. மூத்தவன் ஹரிஷ்குமார், சிவகாசியில பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போற வண்டி ஓட்டுறான். சின்னவ அழகுமீனா. காலேசு முடிச்சுட்டு, சிவகாசியில காலண்டரு அடிக்கிற ஒரு அச்சாபீசுக்கு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனா. அங்கன மிசின் ஓட்டுற பையன் ஒருத்தன். காலேப்னு பேரு. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையன். அது எங்க ஆளுகளுக்குப் பெருசில்ல. நீ மூஞ்சியத் தூக்கிப் பாக்கும்போதே புரிஞ்சுக்கிட்டன்னு தெரியுது. ஆமா. அதேதான். வேற ஆளுக. நான் வாயால சொல்லல.

போன வருசம் ஆடியில ஒரு நாளு வேலைக்குப் போனவ வரல. ரெசிஸ்டர் ஆபீசுல வச்சு கல்யாணம் முடிச்சுட்டோம், தேட வேண்டாம்னு சேதி மட்டும் வந்துச்சு. அவுக அப்பாவுக்குச் சோத்தப் போட்டு முன்னால வச்சா பெசஞ்சுக்கிட்டே இருப்பாக, வாய்க்குப் போகாது. மகன் அப்படி இல்ல. அவனச் சும்மா விட்டாலும் இருந்துருப்பானோ என்னமோ. லோடு செட்டுல கூட இருக்கவன் ஒண்ணு சொல்ல, மாமன் மச்சினன் ஒண்ணு சொல்ல, மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியிறியே வெக்கமா இல்லையான்னு இன்னொருத்தன் சொல்ல... தாடிய எடுக்கிறத நிறுத்திட்டான். எதுக்குடா இந்தத் தாடின்னேன். அவளப் பாத்த அன்னைக்கு எடுக்கேன்னான். நான் அதுக்கு மேல கேக்கல. கேக்கப் பயம்.

தப்பா நெனச்சுக்கிடாத, கெட்ட பய இல்ல அவன். எனக்குக் காலு வலின்னா தைலம் போட்டு நீவி விடுற புள்ள. எந்த ஊருக்கு லோடு எறக்கப் போனாலும் எனக்குன்னு ஒரு பொட்டணம் இல்லாம திரும்ப மாட்டான். அதான் தாயி, எனக்கு ஒரு துளி சந்தேகம் வரல.

தீபாவளிக்கு எனக்கு ஒரு போனு வாங்கிட்டு வந்தான். பெரிய போனு. தொட்டா எளுத்துப் பெருசாத் தெரியிற மாதிரி எல்லாம் அவனே சரிபண்ணிக் குடுத்தான். தெருவே வந்து பாத்துச்சு. மகன்னா இவன்ல மகன்னு சொல்லாத பொம்பள இல்ல. அம்மா, வெரல வையின்னான். வச்சேன். இன்னொருக்கா வையின்னான். வச்சேன். பெறகு அவன் வெரலையும் வச்சான். எதுக்குடான்னு கேட்டதுக்கு, ஒனக்கு ஒண்ணுன்னா நான் தொறந்து பாக்க வேண்டாமாம்மான்னான். நான் பூரிச்சுப் போயிட்டேன்.

அதுக்கு முன்னாடியே மக எங்கிட்ட கமுக்கமாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. பெத்தவள்ல. எனக்கு எளுதத் தெரியும், ஆனா போன்ல எளுத வராது. அவ குரல்ல பேசி அனுப்புவா, நானும் அடுப்படியில நின்னு பேசி அனுப்புவேன். புதுப் போனு வந்த பெறகு ஒரு நாளு, அம்மா, கோயில்பட்டியில இருக்கோம், இன்ன தெருவு, பின்னால ஒரு கெணறு இருக்குன்னு சொன்னா. ஆருகிட்டயும் மூச்சு விடல நான். கேட்டதும் அளிச்சிருவேன். அப்படி இருந்தும் கொஞ்ச நாள்ல மகன் அந்தத் தெருவுல போய் நிக்கிறான். அவுக ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம். வீட்டுக்காரம்மா நல்லவுக, அப்படி ஆரும் இங்கன குடியில்லைன்னு சாதிச்சுட்டாக. அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிட்டு ஓடிருச்சுக. நான் என்ன நெனச்சேன்? ஆரோ அச்சாபீசுல ஒளறிட்டாகன்னு நெனச்சேன்.

அடுத்து திண்டுக்கல். தையில பொங்கலுக்கு வாசல்ல கோலம் போட்டு, நல்லாருக்காம்மான்னு படம் புடிச்சு அனுப்புனா. கோலத்துக்குப் பின்னால ஒரு கடைப் பலகை தெரிஞ்சிருக்கு. நான் அதக் கவனிக்கவே இல்ல. நான் பாத்தது கோலத்தத்தான், புள்ளி தப்பாம இருக்கான்னு. அவன் பாத்தது பலகைய. கூட ரெண்டு பயகளக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். அழகுமீனா தண்ணி எடுக்கப் போயிருந்தா. மாப்பிள்ளதான் வீட்ல. இரும்புக் கம்பியக் கொண்டு வலது கையில... மிசின் ஓட்டுற கை தாயி. இப்பவும் அந்தக் கையால ஒரு டம்ளரத் தூக்க முடியாது. அக்கம்பக்கத்து ஆளுக கூடிட்டதால உசுரு தப்புச்சு.

அன்னைக்கு மக பேசுனா பாரு. அளுதுருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அளுகல. ஏம்மா, இந்த எடம் ஒனக்கு மட்டுந்தான தெரியும்னா. அம்புட்டுத்தான். பெத்த மக, என்னயப் போயி... நான் சத்தியம் பண்றேன், மாரியாத்தா மேல பண்றேன், முடிக்கிறதுக்குள்ள அவ போன வச்சுட்டா. அதுக்குப் பெறகு எந்த ஊருன்னு சொல்றத நிறுத்திட்டா. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு மட்டும் வரும். அதுவும் நெனச்சா வரும்.

கடைக்கு ஆளு வந்துட்டாக, பாரு. போ, நான் இருக்கேன். சார்ஜரா? எடுத்துக் குடு.

போயிட்டாகளா? அவுக வெளியூரு போல. எனக்கு யாரு உள்ள வந்தாலும் மொதல்ல மூஞ்சியத்தான் பாக்கத் தோணுது.

எங்கன விட்டேன்? ஆங். மாசி மாசம். அன்னைக்கு மகன் சோத்துக்கு உக்காந்திருக்கான். நான் கொளம்பு ஊத்தி முடிச்சு ரசத்தக் கையில எடுக்கேன். தட்டப் பாத்துக்கிட்டே, சாதாரணமா, பருத்தி வெலை என்னன்னு கேக்குற மாதிரிக் கேட்டான். ஏம்மா, அவளுக்கு வாந்தி இன்னும் நிக்கலயா?

எனக்கு ஒலகமே அப்படியே நின்னு போச்சு தாயி. மொத நாளுதான் அவ குரல்ல சொல்லியிருந்தா. அம்மா, முளுகாம இருக்கேன், வாந்தி நிக்கவே மாட்டேங்குதுன்னு. ஊரு சொல்லல, ஒண்ணும் சொல்லல. சுக்கு தட்டிப் போட்டுக் குடின்னு நான் அனுப்புனேன். கேட்டதும் அளிச்சேன். அவுக அப்பாவுக்குக்கூடச் சொல்லல. வீட்ல அந்தச் சேதி தெரிஞ்சது எனக்கும் அந்தப் போனுக்கும் மட்டுந்தான்.

என் கையில இருந்த ரசம் பூராம் அவன் தட்டச் சுத்தி ஊத்திருச்சு. பாத்து ஊத்தும்மான்னான். கோவப்படல. அவனே துணியெடுத்துத் தொடச்சான். தொடச்சுட்டு சொல்றான், அவ பேசும்போது பின்னால பனியன் கம்பெனிச் சங்கு ஊதுது, திருப்பூராத்தான் இருக்கும், நாளைக்கு எனக்கு அங்கனதான் லோடுன்னு. கையக் களுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

நீ அந்த எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்ப? மகளுக்குச் சொல்லணும். சொல்ல என் கையில இருக்கது அந்தப் போனுதான். அதத் தொட்டா அவனுக்குக் கேட்டுரும். வீட்ல ஒரு பாம்பு சுருண்டு கெடக்க மாதிரி அலமாரியில அது கெடக்கு. அப்பவும் எனக்கு அது எப்படின்னு தெரியாது. அதுக்குக் காது இருக்கோ, கண்ணு இருக்கோ, சுவத்துக்குள்ள இருந்து பாக்குதோ, நான் நெனைக்கிறதும் அதுக்குத் தெரியுமோன்னு பயம். அரிசிப் பானைக்குள்ள வச்சு மூடுனேன். அமத்தி வச்சா ஒடனே அவுக அப்பா போனுக்குக் கூப்புட்டு, அம்மா போனு ஏன் அமந்திருக்குன்னு கேப்பான்.

எங்க ஊருச் சின்ன ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் இருந்தாக. வினோலியா சிஸ்டர். சுகர் பாக்குறேன்னு சொல்லிட்டு, போன வீட்லயே வச்சுட்டு ஓடுனேன். அவுக கையப் புடிச்சுக்கிட்டு, சிஸ்டர், ஒங்க போன ஒரு நிமிசம் குடுங்க, ஏன்னு கேக்காதீகன்னேன். அவுக கேக்கல, குடுத்துட்டாக. மகளுக்கு அடிச்சேன். தெரியாத நம்பர்ல அம்மா குரலுன்னதும் பயந்து வச்சுட்டா. திரும்ப அடிச்சேன், எடுக்கல. பெறகு சிஸ்டர் அடிச்சாக. தங்கச்சி, நான் நர்சு பேசுறேன், ஒங்கம்மா என் காலடியில உக்காந்து அளுதுக்கிட்டு இருக்காக, ஒரு வார்த்த கேளுன்னாக. அப்பறந்தான் கேட்டா. இருக்கிற துணியோட கெளம்பு, எங்கிட்ட எங்கன போறன்னு சொல்லாத, கெளம்புன்னேன். கெளம்பிட்டாக. சொன்ன மாதிரியே அவன் திருப்பூர்ல ஒவ்வொரு தெருவாச் சுத்திட்டு வந்தான்.

மறுநாளு போன எடுத்துட்டுப் போனேன். சிஸ்டர் அதத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எங்கிட்ட காட்டுனாக. ஒரு கம்ப்யூட்டர் பேரு இருக்கு, அதுவும் எங் கணக்குலயே சேந்துருக்கு. எனக்கு வாரது பூராம், படமும் குரலும், எனக்கு வாரப்பவே அங்கனயும் போய் விளுந்துருது. நான் அளிக்கிறதுக்குள்ள அவன் கேட்டு முடிச்சிருவான். அது போக மேப்புல நான் எங்கன நிக்கேன்னு ஒரு புள்ளி. அதையும் அவனுக்குத் திருப்பி விட்டுருக்கு. எப்பலருந்துன்னு கேட்டேன். தீபாவளியில இருந்து. எனக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் செஞ்சு வச்சுட்டுத்தான், வெரல வையிம்மான்னுருக்கான்.

எடுத்து விட்டுருங்க சிஸ்டர்னேன். வேண்டாம்க்கா, எடுத்தா ஒங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போகும், இப்படியே இருக்கட்டும்னாக. அதுல இருந்து நான் அந்தப் போனுக்கு நாடகம் போட்டுக்கிட்டு இருக்கேன் தாயி. அவளத் திட்டி அதுல பேசுவேன். நீ எனக்கு மகளே இல்லை, இனிமே சேதி அனுப்பாதன்னு. அவளும் பதிலுக்குத் திட்டுவா. எல்லாம் சிஸ்டர் போன்ல பேசி வச்சுக்கிட்டுத்தான். ஆனா ஒண்ணு, அப்படித் திட்டி முடிச்சதும் கன்னத்துல போட்டுக்கிடுவேன். அவ திட்டும்போதும் அதுல கொஞ்சம் நெசம் இருக்கோன்னு தோணும். திண்டுக்கல்ல என்னயச் சந்தேகப்பட்டவதான.

இரு தாயி.

கருப்பு. அது ஆரு? எறங்கட்டும்... களட்டட்டும் ஹெல்மெட்ட... அப்பாடா, வயசானவுக. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போறாக.

போலீசா? நீயும் கேட்டுட்ட. சிஸ்டரும் கேட்டாக. மாப்பிள்ள கையி ஒடஞ்சப்ப திண்டுக்கல்ல எளுதிக் குடுத்துருக்காக. ஆருன்னு தெரியலைன்னு சொல்லிட்டா எம் மக. அண்ணன் பேரச் சொல்ல அவளுக்கு வாய் வரல. நான் மட்டும் எப்படிச் சொல்ல? எங்கிட்ட பால் குடிச்ச வாய் தாயி அது. பேசுனாத் திருந்திருவான், கோவம் ஆறிரும், ஒரு புள்ளயப் பாத்துட்டா மனசு எறங்கிரும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஆவணியில ஒரு நாளு அவன் கருப்பு பைக்கக் களுவுறேன்னு சீட்டத் தூக்குனேன். துணி சுத்தி ஒண்ணு கெடந்துச்சு. பிரிச்சேன். அருவா. புது அருவா. எங்க வீட்ல கருது அறுக்க எத்தன அருவா கெடக்கு, புதுசா ஒண்ணு எதுக்கு? அதுல சந்தனம் தடவியிருந்துச்சு தாயி. சாமிகிட்ட வச்சு எடுத்துட்டு வந்துருக்கான். திரும்ப அப்படியே சுத்தி வச்சுட்டு வண்டியக் களுவி முடிச்சேன். அன்னைக்கு அவனுக்கு முட்டக் கொளம்பு வச்சுப் போட்டேன். என்ன செய்ய.

சரி, இந்தப் போனுக்கு வருவோம். நீ நல்லாத்தான் சொல்ற. வெரல் வச்சாத்தான் தொறக்கும், ஒளிஞ்சு கேக்குற வேலையெல்லாம் இதுல நடக்காது, ஆரு எத மாத்துனாலும் காட்டிக் குடுத்துரும். எல்லாம் சரி. காசுக்குத் தக்கன பொருளுதான். நான் கொற சொல்லல. ஆனா நான் ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. அந்த மொதலாளிக்கு எதிராளி தெருவுல நிக்கிறான். கதவச் சாத்துனா அவுகளுக்கு நிம்மதி. எனக்கு எதிராளி எங்கூட உக்காந்து சோறு திங்கிறான். இத நான் வாங்கிட்டுப் போனா, இது ஏதும்மா புதுசா இருக்குன்னு கேப்பான். கேட்டு, குடு பாப்போம்னு கைய நீட்டுவான். நான் குடுக்க மாட்டேன்னு சொல்லுவேன்னு நெனைக்கிறியா? அவன் கைய நீட்டி நான் எதையும் இல்லைன்னு சொன்னதே இல்ல. தொறம்மான்னா தொறந்துருவேன். இம்புட்டு வெலை குடுத்துப் பூட்டு வாங்கி என்ன செய்ய, சாவி எங்கிட்டல்ல இருக்கு?

அந்தக் குமிளு மட்டும் எனக்குப் புடிச்சிருக்கு. மெய்யாச் சொல்றேன். அது ஒண்ணுக்காக வாங்கலாம். நம்ம மனசுக்குள்ள ஒரு குமிளு இருந்தா இன்னும் நல்லாருக்கும். டிக்குன்னு தள்ளிட்டு அவன் முன்னால சிரிச்ச மொகமா நிக்கலாம்.

மக வச்சுக்கிடலாம்கிறியா? அவளுக்குச் சரி. அவளப் புடிக்க வாரவன் வெளியில இருந்துதான வரணும். ஆனா அவகிட்ட எம்புட்டுப் பெரிய பூட்டு இருந்தாலும் அம்மான்னு எங்கிட்ட ஒரு வார்த்த பேசாம இருக்க மாட்டா. பேசுனா அது என் போன்ல வந்துதான விளுகும். ஓட்டை நான்தான் தாயி. அவ இல்ல.

பளைய போன எக்சேஞ்சுக்குக் குடுத்தாக் கொறையுமா? இல்ல, அது கையில இல்ல. அது இருக்கன்குடிக்குப் போயிருக்கு. மாரியம்மனக் கும்புட. சிரிக்காத, நெசந்தான். எங்க தெருப் பாண்டிலட்சுமி இன்னைக்கு நேர்த்திக்கடனுக்குப் போறா. காலையில ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கோயிலுக்குன்னு கெளம்புனோம். சாத்தூர்ல எறங்குனதும் போன அவ பைக்குள்ள போட்டு, அவளக் கோயில் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு, நான் இந்தப் பக்கம் விருதுநகர் பஸ் ஏறிட்டேன். அவன் மேப்பத் தொறந்தா அம்மா இருக்கன்குடியில நிக்கா. அடிச்சா எடுக்காத, கொட்டுச் சத்தத்துல காதுல விளுகலைன்னு இருந்துக்கன்னு சொல்லியிருக்கேன். ஆனா ரெண்டு மூணு தடவ எடுக்கலைன்னா அவன் சும்மா இருக்க ஆளு இல்ல. நேர வந்து பாப்பான். வந்து பாண்டிலட்சுமி கையில என் போனப் பாத்தாமுன்னா, பெறகு அவன் யோசிக்க எம்புட்டு நேரம் ஆகும்? சீசன் நேரம். லோடு மேல லோடு. இப்ப அவன் தர்மபுரியில நிக்கானா, சாத்தூர்ல நிக்கானா, இந்தத் தெரு மொனையில நிக்கானா, எனக்குத் தெரியாது. நான் எங்கன இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். அவன் எங்கன இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஒரு வருசமா இதான் என் பொளப்பு.

கோவிச்சுக்கிடாத தாயி. நான் போனு வாங்க வரல. ஒன் நேரத்தக் கெடுத்துட்டேன். ஒங்க கடைக் கண்ணாடி வளியாப் பாத்தா எதுத்தாப்ல பெரியாஸ்பத்திரி கேட்டு நேராத் தெரியுது. உள்ள போற ஆளு பூராம் தெரியும். வெளிய டீக்கடையில ஒரு பொம்பள எம்புட்டு நேரம் நிக்க முடியும்? அதான் இங்கன வந்து வெலை கேட்டேன்.

அழகுமீனா உள்ளதான் இருக்கா. பிரசவ வார்டுல. குளந்த குறுக்க கெடக்கு, ஆபரேசன்தான்னு நேத்தே சொல்லிட்டாக. வினோலியா சிஸ்டர் மாத்தலாகி இங்கனதான் இருக்காக. அவுகதான் தைரியஞ் சொல்லி, மக இம்புட்டுப் பக்கத்துல வருவான்னு ஆரும் நெனைக்க மாட்டாகன்னு வரச் சொன்னது. மாப்பிள்ள உள்ள இருக்காப்ல, ஒத்தக் கையோட. நான் மக பக்கத்துல இருந்துருக்கணும், தெரியும். தலமாட்டுல நின்னு தண்ணி குடுத்துருக்கணும். ஆனா நானும் உள்ள போயிட்டா கேட்ட ஆரு பாப்பா? அவன் வந்தா மொதல்ல என்னயத் தாண்டித்தான் போகணும். சிஸ்டர் சொல்லியிருக்காக. முடிஞ்சதும் கேட்டுக்கு வந்து ஒரு கையத் தூக்குனா தாய் உசுரு பொளச்சிருச்சுன்னு. ரெண்டு கையையும் தூக்குனா ரெண்டு உசுரும் சொகம்னு.

ஹர்ஷினி. அந்தா. அந்தா, வெள்ள உடுப்பு. கேட்டு ஓரமா. என் கண்ணு பூராம் தண்ணியா இருக்கு, எனக்குத் தெரியல, நீ பாரு, நீ பாத்துச் சொல்லு. ஒண்ணா, ரெண்டா?

நல்லாப் பாத்தியா? ரெண்டுமா? ரெண்டு கையுமா?

ஆத்தா... மாரியாத்தா...

இரு, என்னயப் புடிக்காத, நான் நல்லாத்தான் இருக்கேன். ரோட்டத் தாண்டணும். என்ன புள்ளைன்னுகூடத் தெரியல, நான் போறேன். ஒரே ஒரு ஒபகாரம் தாயி. வேற ஆருகிட்டயும் கேக்க முடியாது. நீ பாட்டுக்கு ஒன் சோலியப் பாரு, ஆனா ஒரு கண்ணு அந்தக் கேட்டு மேல இருக்கட்டும். அவன் வந்தாமுன்னா, உள்ள நொளையப் போறான்னு தெரிஞ்சாமுன்னா, ஒன் போன எடுத்து நூறுக்கு அடிச்சிரு. அருவா வச்சிருக்கான்னு சொல்லு. பேரு ஹரிஷ்குமார்னு சொல்லு. என்னய வந்து கேக்க வேண்டாம். கேட்டா நான் வேண்டாம்னுருவேன். பெத்தவ இப்பச் சொல்றேன்ல, அடிச்சிரு.

அடையாளமா? அது எதுக்குத் தாயி? என் மூஞ்சிய நல்லாப் பாத்துக்க. அப்படியே என்னய உரிச்சு வச்சாப்ல இருப்பான்.